சோதனைக்குச் செய்த மாப்பிள்ளை

ஜூன் 16, திங்கள்

இன்று ஒரு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து இரண்டு பல்லி முட்டை எடுத்தேன். ஒன்று உடைந்திருந்தது. மற்றதை ஜன்னல் திட்டில் வைத்தேன். மத்தியானம் பார்த்தபோது எறும்பு வந்துவிட்டது.

ஈரோட்டில் ஏதோ ஆபீஸில் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் அது. ஹேமலதா அக்கா ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். போட்டதும் ஓடியது. சத்தம் மட்டும் மிக்ஸி மாதிரி.

எங்கள் ஆபீஸ் என்பது கோபியில் டயர் கடைக்கு மேலே ஒரே அறை. அக்கா புரோகிராம் எழுதுவார். நான் டைப் அடிப்பேன், பெருக்குவேன், டீ வாங்கி வருவேன். எதிர் பேக்கரியில் வேலை செய்யும் அம்மாதான் அக்காவிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். எம்பொண்ணு வாயைத் தொறக்க மாட்டா, ஆனா வெரலு வெசையா ஓடும் என்றாராம். அப்படி ஒரு ஆளைத்தான் தேடுகிறேன் என்று அக்கா சொன்னாராம்.

இப்போது வந்திருக்கும் வேலை திருமூர்த்தி ஐயாவினுடையது. கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறார். பீரோ நிறைய ஜாதகம். பெண்ணின் விவரத்தைப் போட்டால் பொருந்துகிற பையன்களைக் காட்டும் சாஃப்ட்வேர் வேண்டுமாம். எல்லாம் முடிந்ததும் நிஜ சர்வர் அவர் ஆபீஸில் இருக்கும். அதற்கு முன்னால் நாமே செய்து, ஓட்டி, உடைத்துப் பார்க்க நம்மிடம் ஒரு சர்வர் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பல்லிக் கம்ப்யூட்டர்.

இதுல எதை வேணாலும் ஒடச்சுப் பாரு, யாருக்கும் வலிக்காது என்றார் அக்கா.


ஜூன் 18, புதன்

அக்கா காலையிலேயே வேறு வேலையாக ஈரோட்டுக்குப் போய்விட்டார். செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்தார். டேட்டாபேஸ் சர்வரை ஏற்று, ஓட விடு, பாஸ்வேர்டு போடு. மூன்றே வரி. மூன்றாவதுக்குப் போவதற்குள் மத்தியானம் மூன்று மணி.

ஏற்றினேன். ஓடச் சொன்னேன். ஓடி, உடனே நின்றது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் நின்றது. அக்காவுக்கு போன் செய்யலாம் என்று எடுத்து, வைத்துவிட்டேன். எனக்கு போன் பேச வராது.

பிறகு, அது ஏன் நின்றது என்று அதுவே ஒரு இடத்தில் எழுதி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தேன். ஆங்கிலம்தான். ஒவ்வொரு சொல்லாகப் படித்தால் புரிந்தது. சர்வருக்கு வாசல் மாதிரி ஒரு நம்பர் உண்டு. அந்த வாசலில் ஏற்கெனவே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பழைய ஆபீஸ்காரர்களின் சர்வர் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸே இல்லை, அது மட்டும் யாராவது கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓடச் சொன்னேன். ஓடியது.

தப்பு நடந்தால் ஏன் என்று எழுதி வைக்கிறது. முறைப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்து, "அட, ஓடுது" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியில் கால் கிலோ மிக்ஸர் வாங்கினேன்.


ஜூன் 19, வியாழன்

மழை. கீழே லாரி டயர் ஒன்று வெடித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சர்வர் அசையவில்லை.


ஜூன் 23, திங்கள்

பெயரைத் தமிழில் அடித்துச் சேமித்தால் கேள்விக்குறியாகத் திரும்பி வருகிறது. 'சாந்தாமணி' என்று கொடுத்தால் ஒரு வரிசைக் கேள்விக்குறி. யாரைக் கேட்டாலும் கேள்விக்குறி. ஊர், தொழில், அம்மா பேர், எல்லாம்.

அக்காவுக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்தார். பிறகு இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தேடினோம். எழுத்துகளை எந்த முறையில் வைக்க வேண்டும் என்று டேட்டாபேஸிடம் முன்பே சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அதற்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு தெரியாததை எறிந்துவிடும். எறிந்த இடத்தில் கேள்விக்குறி. ஒருமுறை எறிந்தால் திரும்ப வராது. அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தோம்.

'சாந்தாமணி' என்று வந்தபோது அக்கா எழுந்து நின்று இடுப்பை நெட்டி முறித்தார். எதிரே போய் இரண்டு தேங்காய் பன் வாங்கி வந்தேன். அம்மா காசு வாங்கவில்லை. முதலாளி இல்லாத நேரம்.


ஜூன் 25, புதன்

இன்று முழுக்க ஆட்களைச் செய்தேன்.

சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். நிஜமானவர்கள் வேண்டாம், அவர்கள் விவரம் நம்மிடம் இருப்பது சரியில்லை, நீயே கற்பனையாக அடி என்றார் அக்கா. அதனால் பெண்கள், பையன்கள், அவர்களின் அப்பா அம்மா, குலம், நட்சத்திரம், உயரம், வேலை எல்லாம் நானே. போன் நம்பர் எல்லாருக்கும் பத்து பூஜ்யம். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. சத்தியமங்கலத்தில் ஒருவருக்குப் பூக்கடை வைத்துக் கொடுத்தேன். பெருந்துறையில் ஒரு பெண்ணை நர்ஸ் ஆக்கினேன். ஒரே குலத்தில் பெண்ணும் பையனும் இருந்தால் அண்ணன் தங்கை முறை, காட்டக்கூடாது. அதைச் சோதிக்க அப்படியும் சில ஜோடி.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று டேட்டாபேஸைக் கேட்டால் எல்லாரையும் எண்ணிச் சொல்லிவிடுகிறது. யாரும் குரல் கொடுக்க வேண்டியதில்லை. இருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அதற்கே தெரிகிறது.

நிஜமான ஆள் ஒரே ஒருவர்தான் உள்ளே இருக்கிறார். போன வாரம் திருமூர்த்தி ஐயாவே ஒரு ஜாதகத்தை அனுப்பி, உங்க மிஷினு இந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை காட்டட்டும், அப்பறம் நான் ஒத்துக்கறேன் என்று சொல்லியிருந்தார். சசிரேகா. கூகலூர். வயது முப்பத்திரண்டு. பட்டுப்புழு வளர்க்கிறார். செவ்வாய் தோஷம். அதே தோஷம் உள்ள பையன்தான் பொருந்துவான் என்பார்கள். அப்படி ஒருவன் கிடைத்தால் குலம் ஒன்றாகிவிடுகிறது, அல்லது நட்சத்திரம் தட்டிவிடுகிறது. ஏழு வருஷமாக ஐயா தேடிக்கொண்டிருக்கிறாராம்.

இந்தப் பெண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி ஒருவனையாவது செய்து வை, அப்போதுதான் தேடினால் சரியாக எடுத்துக் காட்டுகிறதா என்று தெரியும் என்றார் அக்கா. செய்தேன். மதிவாணன், முப்பத்து நான்கு, அந்தியூர், மாட்டுத் தீவனக் கடை, அதே தோஷம், வேறு குலம். நட்சத்திரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்துப் பொருத்தத்தில் எட்டு வரவைத்தேன்.

கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. நீளமாகத் தமிழ் அடித்தால் முழுதாகச் சேமிக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏதாவது அடி என்றார் அக்கா. மற்றவர்களுக்கு எல்லாம் 'நல்ல குடும்பம், சொந்த வீடு' என்றே திரும்பத் திரும்ப ஒட்டினேன். மதிவாணனுக்கு ஏதோ தோன்றியதை அடித்தேன். 'சத்தம் போட்டுப் பேசமாட்டார். அடுத்தவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். நடுவில் தானே சொல்லி முடித்துவிடமாட்டார்.'

முழுதாகச் சேமித்தது. மத்தியானம் அதை அழித்து வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். சாயங்காலம் முதலில் எழுதியதையே மறுபடி போட்டுவிட்டேன்.


ஜூன் 28, சனி

பஸ்ஸில் கூடப் படித்த நந்தினியைப் பார்த்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். ஏண்டி பத்தாவதிலேயே நின்னுட்டே என்று கேட்டாள். பஸ் வசதி இல்லை என்றேன். நாங்கள் இருவரும் இறங்கியது அதே பஸ்ஸிலிருந்துதான்.

வருகை குறைவு என்று ஸ்கூலில் சொன்னார்கள். நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. பேர் கூப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால் நான் 'உள்ளேன்' என்று சொல்லியிருப்பேன். டீச்சர் அறுபது பேரைக் கூப்பிட வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள். வீட்டில் குடம் இரண்டும் விளக்கினேன். அம்மா கோழிக் குழம்பு வைத்தார்.


ஜூலை 2, புதன்

இன்று திருமூர்த்தி ஐயா வந்தார். அக்கா பாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஐயா வந்தால் ஓட்டிக் காட்டு, இதெல்லாம் சும்மா டெஸ்ட்டுக்குப் போட்ட ஆளுங்கன்னு மறக்காம சொல்லிடு என்று படியில் இறங்கும்போதே சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா வெள்ளை வேட்டி, தோளில் ஜாதகப் பை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். டீ வாங்கி வந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் மாட்டுச் சந்தைத் தரகு பார்த்ததையும், அப்புறம் கல்யாணத் தரகுக்கு வந்ததையும் சொன்னார். மாடு பார்க்க வருகிறவன் பல்லைப் பார்ப்பான், பொண்ணு பார்க்க வருகிறவன் நகையைப் பார்ப்பான், மத்ததெல்லாம் ஒண்ணுதான் அம்மிணி என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

பிறகு அந்தக் கூகலூர்ப் புள்ளைய எடு பாக்கலாம் என்றார். எடுத்தேன். தேடச் சொன்னேன். ஒரே ஒரு பெயர் வந்தது. எட்டுப் பொருத்தம்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.  குறிப்பில் இருந்ததை விரல் வைத்து வாசித்தார். பிறகு போனை எடுத்து ஸ்கிரீனைப் போட்டோ பிடித்தார். ஏஞ்சாமி, ஏழு வருசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

டீ இன்று நன்றாக இருந்தது. இஞ்சி போட்டிருந்தார்கள்.

அக்கா வந்து ஐயாவிடம் சொன்னாயா என்று கேட்டார். ஐயா வந்துவிட்டுப் போனார்தான். தலையாட்டினேன்.


ஜூலை 3, வியாழன்

அறையை இரண்டு தடவை பெருக்கினேன். சர்வரின் விசிறிக்கு எண்ணெய் விட்டேன். சத்தம் குறைந்தது.


ஜூலை 5, சனி

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திருமூர்த்தி ஐயாவின் போன். அக்கா கையெல்லாம் சோறு என்று ஸ்பீக்கரில் போட்டார்.

அந்த அந்தியூர்ப் பையனோட நம்பரு வெறும் பூஜ்யமா இருக்குது, போக மாட்டேங்குது, சரியான நம்பரைக் குடுங்க என்றார். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தப் பையன் என்று கேட்டார். ஐயா விளக்கமாகச் சொன்னார். போட்டோவை அன்றைக்கே கூகலூருக்கு அனுப்பிவிட்டாராம். அவர்கள் தங்கள் ஜோசியரிடம் காட்ட, அவரும் பேஷான பொருத்தம் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷமாக எந்த ஜாதகத்தைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண், குறிப்பைப் படித்துவிட்டு இது பேசுங்க என்று தானாகச் சொன்னாளாம். அம்மாக்காரி தேங்காய் உடைத்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் பூ வைத்து நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம். நம்பர் போகாததால் பெண்ணின் அண்ணன் பைக்கில் அந்தியூருக்கே போய், தீவனக் கடை தீவனக் கடையாக விசாரித்திருக்கிறார். ஒரு கடையில் மதிவாணன் இருந்தாராம். அவருக்குப் பேரன் காலேஜ் படிக்கிறான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயா, அப்படி ஒருத்தர் இல்லீங்க" என்றார் அக்கா.

 


ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தேன். போர்வைகூட.


ஜூலை 7, திங்கள்

காலையில் அக்கா திருமூர்த்தி ஐயாவைப் பார்க்கப் போனார். நான் தனியாக இருந்தேன். மதிவாணனை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். அழித்தாலும் கூகலூரில் இருப்பார். விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்கு அக்கா திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டதாம். ஐயா முதலில் குதித்தாராம். டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா, நான் ஊர் ஊராப் போயி மானத்தோட தொழில் பண்றவன் என்றாராம். பிறகு அவரே வழி சொன்னாராம். பையன் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கூகலூருக்குச் சொல்லிவிடுவார். இந்தத் தொழிலில் தினம் சொல்கிற வார்த்தைதான் அது. யாருக்கும் கெட்ட பேர் இல்லை. சாஃப்ட்வேர் வேலையும் நம்மிடமே இருக்கும்.

அவங்களுக்கு இது பழக்கம்தான், விடு என்றார் அக்கா. பிறகு, "நீ சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் மேகலா. உங்கிட்ட போயி அதைச் சொல்லச் சொன்னேன் பாரு, தப்பு எம்மேல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

 வேண்டாம் என்று சொல்ல அந்தியூரில் யாருமே இல்லை. இல்லாத ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கூகலூரில் ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார்.

நாளைக்குக் கூகலூர் போகலாம் என்றிருக்கிறேன். விலாசம் சர்வரில் இருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்தால் வேலை இருக்குமோ என்னவோ.


ஜூலை 8, செவ்வாய்

போனேன்.

காலை எட்டு மணிக்கே பஸ் ஏறினேன். அக்காவுக்கு 'கூகலூர் போகிறேன்' என்று மட்டும் மெசேஜ். பிறகு போனை அணைத்துவிட்டேன். வழியெல்லாம் நெல் வயல். பஸ்ஸில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். 'மதிவாணன் என்று யாரும் இல்லீங்க, சோதனைக்காக நான் அடிச்சதுங்க.' மனதுக்குள் சொல்லும்போது ஒரு தடங்கலும் இல்லை.

மல்பெரித் தோட்டத்துக்கு நடுவில் வீடு, பக்கத்தில் நீளமான புழு வளர்ப்பு மனை. வாசலில் ஒருவர் தழைக் கூடையோடு நின்றார். போட்டோ நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்தான் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பவுடர் கிவுடர் போட்டிருக்கியா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினேன். வாசனை பட்டால் புழு செத்துவிடுமாம். செருப்பைக் கழற்றச் சொல்லி, வாசலில் கொட்டியிருந்த சுண்ணாம்புத் தூளை மிதித்து வரச் சொன்னார். எதற்கு வந்தாய் என்றே கேட்கவில்லை. புழு வாங்குகிற இடத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம், பிறகு சொன்னார்.

உள்ளே தட்டுத் தட்டாக வெள்ளைப் புழுக்கள். அவை தழை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருந்தது. நான் 'மதி' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.  வழக்கமாக இந்த இடத்தில் எதிரே இருப்பவர் என்ன, மதியம் சாப்பாடா, மதி கடையா என்று எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

சசிரேகா அக்கா ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு தட்டில் தழை பரப்பினார். அடுத்த தட்டுக்குப் போனார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி தழை பரப்பினார். அந்த வரிசை முடிந்தது.

"மதிவாணன்னு யாரும் இல்லீங்க" என்றேன். "கம்ப்யூட்டர் சரியா தேடுதான்னு பாக்கறதுக்கு நான் அடிச்ச பேருங்க. ஐயா வந்தப்ப நான் சொல்லியிருக்கோணும். சொல்லுலீங்க. அவரு உங்கள வேண்டாம்னு சொல்லுலீங்க. அவரு இல்லவே இல்லீங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அங்கே சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கூடையில் தழை தீர்ந்திருந்தது.

அவர் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். நேத்துப் பொழுதோட திருமூர்த்தி போன் பண்ணினார் என்றார். பையன் வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள், வயசு ஒண்ணும் பிரச்னை இல்லை, மனசை விட்டுடாதே என்று சொன்னாராம். அவர் போனை வைத்துவிட்டாராம். வந்து புழுவுக்குத் தழை போட்டாராம்.

"அப்ப என்னை யாரும் வேண்டாம்னு சொல்லுல" என்றார். கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் இல்லை என்றேன்.

"ஏழு வருசத்துல எனக்குப் புடிச்சது ஒருத்தன். அவனும் நீ செஞ்சவன்." சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தார். கையில் தழைப் பால். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போடாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அண்ணன் அந்தியூரில் அந்தத் தாத்தாவிடம் போய் உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டதைச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தக் குறிப்பு எழுதினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.  என்னைப் பார்த்தார், பிறகு வெளியே போய்க் கை கழுவினார்.

இதற்குள் அவர் அம்மா வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு விளையாடுகிறீர்களா, உடைத்த தேங்காய்க்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்து ஊரைக் கூட்டுகிற மாதிரி பேசினார். நான் நின்றேன். சொன்னதெல்லாம் சரிதான். கடைசியில் சசிரேகா அக்காதான், "ஏம்மா, தப்பைச் சொல்லோணும்னு பஸ் ஏறி வந்திருக்குது. ஏழு வருசத்துல அப்படி ஒருத்தரு இந்த வாசப்படி ஏறியிருக்காங்களா?" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மோர் இருந்தது. அதையும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கோபியில் கண்டக்டர்தான் எழுப்பினார்.


ஜூலை 9, புதன்

பயந்துகொண்டேதான் ஆபீஸ் போனேன். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது பயமாக இருந்தது.

பதினோரு மணிக்குத் திருமூர்த்தி ஐயா படியேறி வந்தார். சசிரேகா அக்கா காலையிலேயே போன் செய்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். வயசைப் பத்தி நான் எதுக்குப் பேசினேன்னு கேட்டுப்புட்டா என்றார். உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டு என்னைப் பார்த்து, "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். என்ற முப்பது வருசத் தொழிலை ஒரு நாளையில கவுத்துப்புட்டியே அம்மிணி" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். வேலையை நிறுத்துவதாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், இவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நிறுத்தறதுக்கு ஆரு வந்தா என்றார் ஐயா. வந்தது வேறு விஷயமாம். சோதனை ஆட்கள் வருகிற ஸ்கிரீன் எல்லாவற்றிலும், கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி, சிவப்பாகப் பட்டை போட்டு எழுத வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர் இந்தப் படியே ஏற மாட்டாராம். டீ சொன்னேன். இரண்டு வடையும் சேர்த்துச் சாப்பிட்டார்.


ஜூலை 10, வியாழன்

சிவப்புப் பட்டை போட்டேன். 'சோதனை. இவர்கள் நிஜ மனிதர்கள் அல்ல.' அக்கா எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். இப்போது பாதி ஸ்கிரீன் பட்டைதான்.

சசிரேகா அக்காவின் நிஜ விவரத்தையும் எங்கள் சர்வரிலிருந்து எடுத்துவிட்டோம். அது இனி ஐயா ஆபீஸில் வரப்போகும் நிஜ சர்வரில் மட்டும். அந்த இடத்தில் அதே பொருத்தம் வருகிற மாதிரி ஒரு கற்பனைப் பெண்ணைச் செய்தேன். பெயர் வைக்க வெகுநேரம் ஆனது.


ஜூலை 15, செவ்வாய்

நிஜ சர்வரை இன்று ஐயா ஆபீஸில் ஓடவிட்டோம். அக்காவும் நானும் காலையிலேயே போய்விட்டோம். இந்தத் தடவை எழுத்து முறையை முதலிலேயே சொல்லிவிட்டேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. ஐயா ஸ்கிரீனுக்குச் சந்தனம் வைக்கப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துத் தடுத்து மேஜைக்கு வைக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். அதனால் ஐயாவின் ஆபீஸ் காலியாகக் கிடக்கும் என்று நினைத்தோம். பன்னிரண்டு மணிக்கு சசிரேகா அக்கா வந்தார். பட்டுக்கூடு எல்லாம் எடுத்து நேற்றுதான் மார்க்கெட்டில் போட்டாராம். நல்ல விலை போலிருக்கிறது, புதுச் சேலை. ஐயா எழுந்து நாற்காலி போட்டார். அவர் அதில் உட்காராமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

என்னோடத எடு கண்ணு என்றார். எடுத்தேன். அவருடைய குறிப்பில், 'அடக்கமானவர். வீட்டு வேலைகள் அனைத்தும் தெரிந்தவர். அனுசரித்துப் போவார்' என்று இருந்தது. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். உங்க அம்மாதான் என்றார் ஐயா. ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியதாக இருக்கும் என்றார்.

அதை அழிக்கச் சொன்னார் சசிரேகா அக்கா. இது நிஜ சர்வர், அழித்தால் போய்விடும், திரும்ப வராது என்றேன். "போவட்டும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் யோசித்தபோது நான் கையை எடுத்துவிட்டு இருந்தேன். ஐயா நடுவில் நடுவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சசிரேகா அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. முடித்ததும், "எங்க, படிச்சுக் காட்டு" என்றார்.

ஹேமலதா அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, நான் படிக்கட்டுமா என்று கேட்டார். இல்லீங்க, இந்தப் புள்ளையே படிக்கட்டும் என்றார் சசிரேகா அக்கா.

படித்தேன். முதல் சொல்லில் கொஞ்சம் நின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு வந்துவிட்டது.

"பட்டுப்புழு வளர்க்கிறேன். என் சம்பாத்தியம் என் கையில் இருக்கும். புழு கூடு கட்டுகிற வாரத்தில் சமைக்க முடியாது, மாப்பிள்ளைதான் சமைக்க வேண்டும். சமைக்கத் தெரியாவிட்டால் ஆடி முடிவதற்குள் கற்றுக்கொண்டு வரலாம்."

ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். இதைப் பாத்துட்டு எவன் வருவான் சாமி என்றார்.

"வர்றவன் வரட்டும்" என்றார் சசிரேகா அக்கா. பிறகு என் தோளைத் தட்டி, "அந்தச் சமையல் வரியை மட்டும் இன்னொருக்கா சத்தமா படி கண்ணு. ஐயாவுக்குச் சரியா கேக்குல."

படித்தேன். முன்னைவிடச் சத்தமாக. வாசலில் ஜாதகம் கொடுக்க வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா அப்படியே நின்று, "அது யாரு வீட்டுப் பொண்ணுங்க? என்ற பையனுக்கு நல்லா சமைக்க வரும்" என்றார்.